நீர்க்கடுப்பும் தீராத அடிவயிற்று வலியும் – மறைக்க வேண்டாம், பேசுவோம்

(கூட்டமைப்பின் ஊக்குநர், பிரதிநிதிகள் மாதக் கூட்டத்தில் எங்கள் களப்பணிக் குழு சார்பில் பேசியது. கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக எழுத்தில் தருகிறோம். உங்கள் குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், வசூல் என்று பேசுகிற இந்தக் கூட்டத்தில், இன்றைக்கு ஒன்னுக்குப் போவதைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் பின் வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. சிரிங்க, பரவாயில்லை. ஆனால் ஒரு வேலை செய்யுங்கள். ஊருக்குப் போனதும் உங்கள் குழுவின் கடன் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். "மருத்துவச் செலவு" என்று எழுதி வாங்கிய கடன் எத்தனை? அதில் அடிவயிற்று வலிக்கும் கர்ப்பப்பை ஆபரேஷனுக்கும் வாங்கியது எத்தனை? அந்தக் கடனை அடைத்த பிறகும் வலி போகாதவர்கள் எத்தனை பேர்?

நாங்கள் ஊர் ஊராகப் போகும்போது, கூட்டம் முடிந்த பிறகு பெண்கள் எங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்கிறார்கள். "ஒன்னுக்குப் போனா எரியுதுங்க." "போயிட்டு வந்து உக்காந்தா மறுபடி வருதுங்க." "அடிவயிறு இழுத்துப் பிடிக்குது, குனிஞ்சு களை எடுக்க முடியல." எத்தனை நாளாக என்று கேட்டால், "அது ஆச்சுங்க, மூணு வருசம்" என்கிறார்கள். ஆடு இரண்டு நாள் தழை தின்னாவிட்டால் கால்நடை டாக்டரைத் தேடி ஓடுகிறோம். நம் உடம்பு மூன்று வருடம் வலித்தால் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறோம். அதனால்தான் இன்றைக்கு இந்தப் பேச்சு.

நமக்கு மட்டும் ஏன் அதிகம்?

முதுகுப் பக்கம் இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. அவை இரத்தத்தை வடிகட்டிச் சிறுநீரைப் பிரிக்கின்றன. அது இரண்டு குழாய்கள் வழியாக அடிவயிற்றில் உள்ள சிறுநீர்ப்பைக்கு வந்து சேர்கிறது. அங்கே தேங்கி, பை நிறைந்ததும் வெளியே வருகிறது. வெளியே வரும் அந்தக் கடைசிக் குழாய் ஆண்களுக்கு சுமார் 20 சென்டிமீட்டர் நீளம். நமக்கு சுமார் 4 சென்டிமீட்டர்தான், ஒரு கட்டைவிரல் நீளம்கூட இல்லை. அதோடு சிறுநீர் வரும் வழி, குழந்தை பிறக்கும் வழி, மலம் வரும் வழி மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

நம் குடலில் ஈ.கோலை என்று ஒரு கிருமி இருக்கிறது. குடலில் இருக்கும்வரை அது பெரும்பாலும் தொந்தரவு செய்வதில்லை. அது இடம் மாறி சிறுநீர்ப் பைக்குள் ஏறிவிட்டால்தான் கஷ்டம். அதன் உடம்பில் மயிர் போன்ற கொக்கிகள் இருக்கும். அவற்றால் பையின் சுவரைப் பிடித்துக்கொள்ளும். நீர்க்கடுப்பு வருகிறவர்களில் சுமார் முக்கால் பங்குப் பேருக்குக் காரணம் இந்தக் கிருமிதான். உலகத்தில் இரண்டு பெண்களில் ஒருவருக்காவது வாழ்நாளில் ஒரு முறை இது வருகிறது. ஆகவே இது யாருடைய ஒழுக்கத்தையும் பற்றிய விஷயம் இல்லை. கணவரோடு சேர்ந்திருந்த பிறகு சிலருக்கு வரும். புதிதாகக் கல்யாணம் ஆன பெண்ணுக்கு வந்தால் மாமியார் சந்தேகமாகப் பார்க்க வேண்டியதில்லை. குழாய் சின்னது, கிருமி உள்ளே தள்ளப்படுகிறது, அவ்வளவுதான்.

இதற்கு நம் வாழ்க்கை முறையும் சேர்ந்துகொள்கிறது. காலையில் ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் சாயங்காலம்தான் திரும்புகிறோம். வயலில் மறைவிடம் இல்லை. சூளையில் ஆண்கள் இருக்கிறார்கள். பனியன் கம்பெனியில் மேஸ்திரியிடம் கேட்டுவிட்டுப் போக வேண்டும். "தண்ணி குடிச்சாத்தானே ஒன்னுக்கு வரும்" என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறோம். சிறுநீர் அடிக்கடி வெளியே போனால் கிருமியும் கழுவிக்கொண்டு போகும். அடக்கி வைத்தால் அது உள்ளேயே பெருகும்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு நல்ல ஆராய்ச்சி இருக்கிறது. பல்கேரியா நாட்டில் அடிக்கடி நீர்க்கடுப்பு வரும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினரை வழக்கத்தைவிட ஒன்றரை லிட்டர் அதிகம் குடிக்கச் சொன்னார்கள். ஒரு வருடம் கவனித்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கம்போல் இருந்த பெண்களுக்கு வருடத்தில் சராசரியாக 3 தடவைக்கு மேல் வந்தது. அதிகம் குடித்தவர்களுக்கு 2 தடவைக்கும் குறைவு. பைசா செலவில்லாத வைத்தியம் இது. இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு அளவாகக் குடிக்க வேண்டும்.

எப்போது அவசரம்?

எரிச்சல், அடிக்கடி போகத் தோன்றுவது, கலங்கலாகப் போவது, அடிவயிறு வலி – இவை சிறுநீர்ப்பையில் தொற்று இருக்கலாம் என்பதற்கு அடையாளம். ஓரிரு நாளில் டாக்டரைப் பாருங்கள். இரத்தம் கலந்து வந்தால் கட்டாயம் காட்ட வேண்டும்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப் பக்கமோ முதுகிலோ வலி, வாந்தி என்று வந்தால் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கர்ப்ப காலத்தில் எரிச்சலே இல்லாமல்கூட சிறுநீரில் கிருமி இருக்கும். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகத்துக்கு ஏறும், குறைமாதப் பிரசவம் ஆகலாம். அதனால்தான் கிராம சுகாதார செவிலியர் சிறுநீர் சோதனைக்கு வரச் சொல்கிறார். "நல்லாத்தானே இருக்கேன்" என்று தட்டிக் கழிக்காதீர்கள்.

சோதனையும் "ஒன்னுமில்லை" என்ற பதிலும்

பலர் எங்களிடம் சொல்வது இது: "டெஸ்ட் எடுத்தாங்க, ஒன்னுமில்லைன்னுட்டாங்க. ஆனா வலி இருக்கு. வீட்டுல நடிக்கிறேன்னு சொல்றாங்க." இதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

சிறுநீரை ஒரு தட்டில் விட்டு கிருமி வளருகிறதா என்று பார்ப்பதை கல்ச்சர் சோதனை என்கிறார்கள். 1956-ல் அமெரிக்காவில் எட்வர்ட் காஸ் என்ற டாக்டர், ஒரு மில்லி சிறுநீரில் ஒரு இலட்சம் கிருமிகளுக்கு மேல் இருந்தால் அது தொற்று என்று ஒரு கணக்குச் சொன்னார். அந்தக் கணக்கை உலகம் முழுவதும் பின்பற்றினார்கள். ஆனால் 1982-ல் வால்டர் ஸ்டாம் என்ற டாக்டரும் அவருடன் வேலை செய்தவர்களும், எரிச்சலோடு வந்த பெண்களைச் சோதித்தபோது, நூறு கிருமிகள் இருந்தாலே சிலருக்குத் தொற்று இருந்ததைக் கண்டார்கள். ஆகவே எண்ணிக்கை குறைவு என்பதாலேயே ஒருத்தி பொய் சொல்கிறாள் என்று ஆகாது.

இன்னொரு செய்தி. சிறுநீர்ப்பைக்குள் கிருமியே இருக்காது என்றுதான் வெகுகாலம் பாடம் நடத்தினார்கள். 2014-ல் சிகாகோ பக்கம் உள்ள லயோலா பல்கலைக்கழகத்தார் புது முறையில் சோதித்து, எந்த நோயும் இல்லாத பெண்களின் சிறுநீர்ப்பையிலும் உயிருள்ள நுண்ணுயிர்கள் இருப்பதைக் காட்டினார்கள். அவற்றில் பாலைத் தயிராக்கும் நுண்ணுயிரின் வகையைச் சேர்ந்தவையும் உண்டு. வயலில் பயிருக்கு நல்லது செய்யும் பூச்சி, கெடுதல் செய்யும் பூச்சி இரண்டும் இருப்பது போலத்தான். கண்டபடி மருந்து அடித்தால் இரண்டும் சாகும். பிறகு கெட்டது முதலில் திரும்பி வரும். தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் மாத்திரை போட்டாலும் அதே கதைதான். எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு ரிப்போர்ட்டில் கிருமி என்று வந்தாலும் பெரும்பாலும் மாத்திரை தேவைப்படாது. கர்ப்பிணிகளுக்கு மட்டும் அப்படி விடக் கூடாது.

சோதனை சரியாக வர நாமும் சில விஷயங்களைச் செய்ய வேண்டும்.

1. ஆன்டிபயாடிக் மாத்திரை தொடங்குவதற்கு முன்பே சிறுநீர் கொடுக்க வேண்டும்.
2. முன்பக்கம் தண்ணீரால் கழுவிக்கொண்டு, முதலில் வருவதைக் கீழே விட்டுவிட்டு, நடுவில் வருவதை லேப் கொடுக்கும் டப்பாவில் பிடிக்க வேண்டும். வீட்டு பாட்டிலில் பிடிக்கக் கூடாது.
3. இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் கொடுத்துவிட வேண்டும். பையில் வைத்துக்கொண்டு வெயிலில் பஸ் மாறி மாறிப் போனால், வழியிலேயே கிருமி பெருகி ரிப்போர்ட் தவறாகிவிடும். ஆஸ்பத்திரியிலேயே பிடித்துக் கொடுப்பது நல்லது.
4. ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த டாக்டருக்கு அதுதான் சாட்சி.

ரிப்போர்ட்டில் "சீழ் செல் நிறைய இருக்கு, கிருமி வளரவில்லை" என்று திரும்பத் திரும்ப வந்தால், சிறுநீர்ப் பாதையில் காசநோய் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். காசநோய் நுரையீரலில் மட்டும் வருவதில்லை. சாதாரண கல்ச்சரில் அது தெரியாது, தனிச் சோதனை வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் காசநோய்க்குச் சோதனையும் மருந்தும் இலவசம்.

ஆறு மாதத்துக்கு மேல் வலித்தால்

ஆறு மாதத்துக்கு மேல் அடிவயிறு வலித்துக்கொண்டே இருந்தால் அதை நாள்பட்ட வலி என்கிறார்கள். இதற்குக் காரணம் ஒன்று இல்லை, பல. கர்ப்பப்பைக்கு வெளியே அதன் உள்தோல் போன்ற சதை வளர்வது, கர்ப்பப்பை, குழாய்களில் பழைய தொற்று, கட்டி, அடி இறங்குவது, சிறுநீர்க் கல், குடல் கோளாறு, இடுப்புத் தசை இறுகிப் போவது என்று எதுவாகவும் இருக்கலாம். சிலருக்கு இரண்டு மூன்று சேர்ந்திருக்கும்.

இதில் அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று சிறுநீர்ப்பை வலி நோய். பை நிறைய நிறைய வலி கூடும். போய்விட்டு வந்தால் கொஞ்சம் குறையும். இரவில் பல தடவை எழுந்திருக்க வேண்டும். கல்ச்சரில் கிருமி இருக்காது. 1915-லேயே பால்டிமோர் நகரத்து டாக்டர் கை ஹன்னர் இப்படிப்பட்ட பெண்களின் சிறுநீர்ப்பையில் புண்ணைக் கண்டு எழுதியிருக்கிறார். ஆனால் எல்லோருக்கும் புண் இருப்பதில்லை. கிருமிக்கும் இந்த வலிக்கும் என்ன தொடர்பு என்று இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். 2003-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து விஞ்ஞானிகள், ஈ.கோலை கிருமி எலியின் சிறுநீர்ப்பைச் சுவர் செல்லுக்குள்ளேயே புகுந்து கூட்டமாக ஒளிந்துகொள்வதைக் காட்டினார்கள். நீர்க்கடுப்பு போய்ப் போய்த் திரும்ப வருவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். அதற்காக இந்த வலி நோய்க்கு மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் சாப்பிடுவது சரியில்லை என்றுதான் மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. காரமோ, டீ காபியோ, புளிப்போ சாப்பிட்டால் வலி கூடுகிறதா என்று பார்த்துக் குறைப்பது, இறுகிய தசையைத் தளர்த்தும் பிசியோதெரபி, வலிக்கான மருந்து என்று படிப்படியாகத்தான் சிகிச்சை.

கிருமி இல்லை என்றால் வலி இல்லை என்று அர்த்தம் அல்ல. வலி நிஜம். காரணத்தைத்தான் இன்னும் தேட வேண்டும்.

கர்ப்பப்பையை எடுப்பதற்கு முன்

சகோதரிகளே, இதுதான் இன்றைக்கு மிக முக்கியமானது. மகாராஷ்டிரா மாநிலத்தில் பீட் என்று ஒரு மாவட்டம். அங்கிருந்து குடும்பம் குடும்பமாகக் கரும்பு வெட்டப் போவார்கள். வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை கிடையாது. ஒரு நாள் வராவிட்டால் கூலி பிடித்தம், அபராதம். அடிவயிற்று வலி, வெள்ளைப்படுதல் என்று போன பெண்களுக்கு கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். 2019-ல் இது வெளியே வந்து அரசு ஒரு குழு அமைத்தது. சுமார் 82,000 பெண்களிடம் விசாரித்தார்கள். 13,000-க்கும் மேற்பட்டவர்கள் கர்ப்பப்பை இல்லாமல் இருந்தார்கள். பலர் நாற்பதைத் தாண்டாதவர்கள். 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், தேவையில்லாத கர்ப்பப்பை ஆபரேஷனைத் தடுக்க மத்திய அரசின் வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் பின்பற்ற வேண்டும் என்று உத்தரவு போட்டது.

இந்த ஆபரேஷனே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. புற்றுநோய், நிற்காத இரத்தப்போக்கு, பெரிய கட்டி என்றால் அது உயிரைக் காக்கும். ஆனால் வலி சிறுநீர்ப்பையில் இருந்தால் கர்ப்பப்பையை எடுத்து என்ன பயன்? எங்கள் பகுதியில் ஒரு உறுப்பினர் குழுக் கடன் வாங்கி, தோட்டை அடகு வைத்து ஆபரேஷன் செய்துகொண்டார். கடன் அடைந்தது. இராத்திரி ஐந்து தடவை எழுந்திருப்பது நிற்கவில்லை. அவருக்கு அதற்கு முன்பு யாரும் ஒரு சிறுநீர் கல்ச்சர்கூட எடுத்திருக்கவில்லை. சினைப்பையையும் சேர்த்துச் சின்ன வயதில் எடுத்துவிட்டால் எலும்பு தேய்மானமும் இருதய நோயும் சீக்கிரம் வர வாய்ப்பு உண்டு.

ஆகவே ஆபரேஷன் என்று சொன்னால் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

- எனக்கு என்ன நோய்? பெயரை எழுதிக் கொடுப்பீர்களா?
- சிறுநீர் சோதனையும் ஸ்கேனும் பார்த்தாயிற்றா?
- மருந்தில் சரியாகாதா? கொஞ்ச நாள் பொறுத்தால் ஆபத்தா?
- சினைப்பையையும் எடுப்பீர்களா? ஏன்?

அவசரம் இல்லை என்றால், அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ இன்னொரு டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்டி ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கூட்டத்தில் கேட்ட கேள்விகள்

"இது உடம்புச் சூடுதானுங்களே? இளநீர், நீர்மோர், வெந்தயம் போதாதா?"

வெயிலில் வேர்த்து, உடம்பில் தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகி எரியும். அதற்கு இளநீரும் மோரும் நல்லதுதான். பெரியவர்கள் சொன்னதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் கிருமி ஏறியிருந்தால் இது மட்டும் போதாது. ஓரிரு நாளில் குறையாவிட்டால், காய்ச்சல் வந்தால், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

"மெடிக்கல்ல கேட்டா ரெண்டு மாத்திரை தர்றாங்க. போட்டா நின்னுடுதே?"

எரிச்சல் நிற்கும், கிருமி முழுசாகச் சாகாது. பிழைத்த கிருமி அந்த மாத்திரைக்குப் பழகிவிடும். நம் நாட்டில் பல ஆன்டிபயாடிக் மாத்திரைகளுக்கு ஈ.கோலை மசியாத நிலை வந்துவிட்டது. டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். எத்தனை நாள் எழுதினாரோ அத்தனை நாளும் சாப்பிடுங்கள். மீந்த மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதீர்கள்.

"வீட்டுக்காரருக்கும் மாத்திரை வேணுமா?"

சாதாரண நீர்க்கடுப்புக்கு வேண்டியதில்லை. நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், புண் இருந்தால் அது வேறு நோயாக இருக்கலாம். அப்போது இரண்டு பேரும் சேர்ந்து டாக்டரைப் பார்ப்பதுதான் சரி.

"எனக்கு மாதவிலக்கு நின்னு அஞ்சு வருசம் ஆச்சு. இப்பத்தான் அடிக்கடி வருது, ஏன்?"

மாதவிலக்கு நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைகிறது. அந்த இடம் வறண்டு போகிறது, நல்ல நுண்ணுயிர்களும் குறைகின்றன. இதற்கு உள்ளே தடவும் ஒரு க்ரீம் இருக்கிறது. டாக்டர் பார்த்து எழுதிக் கொடுப்பார். ஆறு மாதத்தில் இரண்டு தடவையோ, வருடத்தில் மூன்று தடவையோ வந்தால் எந்த வயதாக இருந்தாலும் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

குழுக்கள் செய்ய வேண்டியது

1. அடுத்த குழுக் கூட்டத்தில் பத்து நிமிடம் இதைப் பேசுங்கள். யாருடைய கதையையும் பெயர் சொல்லிப் பேச வேண்டாம். ஒருவர் சொன்ன வலி குழுவை விட்டு வெளியே போகக் கூடாது.
2. வலியோடு இருப்பவருக்குத் துணையாக ஒரு உறுப்பினர் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரண்டு பேர் இருந்தால் கேள்வி கேட்கத் தைரியம் வரும்.
3. மருத்துவக் கடன் கேட்டால் தயங்காமல் கொடுங்கள். "ரிப்போர்ட் வாங்கிட்டியா, இன்னொரு டாக்டரைக் கேட்டியா" என்று மட்டும் அன்போடு நினைவுபடுத்துங்கள்.
4. வேலைக்குப் போகும்போது தண்ணீர் பாட்டிலைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். அடக்கி வைக்காதீர்கள். மலம் கழித்த பின் முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.
5. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் வேலை நடக்கும் இடத்திலும், பள்ளிக்கூடத்திலும், பஸ் நிற்கும் இடத்திலும் பெண்களுக்குத் தண்ணீர் வசதியோடு கழிப்பறை வேண்டும் என்று தீர்மானம் கொண்டு வாருங்கள். கட்டிப் பூட்டி வைத்திருந்தால் சாவி யாரிடம் என்று கேளுங்கள்.

வங்கி மேனேஜர் முன்னால் நின்று பேச மாட்டோம் என்று பயந்தவர்கள்தான் இன்றைக்கு இலட்சக் கணக்கில் கடன் வாங்கித் திருப்பிக் கட்டுகிறோம். டாக்டர் முன்னால் உட்கார்ந்து "எனக்கு இங்கே வலிக்குது, எத்தனை நாளா வலிக்குது" என்று சொல்வதும் அதே பழக்கம்தான். இந்த மாதம் ஒவ்வொரு குழுவிலும் பேசிவிட்டு, தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.